காலி உறை

"இதை மாட்டணும்னா ரெண்டு ஆள் வேணும்ங்க" என்றார் சின்னத்தாய். "அன்னைக்கு அந்த ரெண்டாவது ஆள் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

மேஜை மேல் துணிப்பையைக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து விழுந்தது தோளில் மாட்டுகிற தோல் உறை. துப்பாக்கி வைக்கிற பை ஒரு பக்கம், தோட்டா வைக்கிற சின்னப் பை மறுபக்கம், இரண்டையும் இணைக்கிற வார்கள் முதுகில் குறுக்கே வந்து ஒரு பக்கிளில் சேர்ந்திருந்தன. வியர்வை குடித்துக் குடித்துத் தோல் கறுத்துப் போயிருந்தது.

பாண்டிராஜ் அதைத் தூக்கிப் பார்த்தான். "நான்கூட கைக்குழந்தையைக் கட்டிக்கிட்டுப் போற பைன்னு நினைச்சேன்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை. அவனுடைய நேர் இளையவன் அருண்பாண்டி, ரிங் ரோட்டில் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் பைக்கோடு போய் மோதி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே பாண்டிராஜ் வேலைக்கு வந்துவிட்டான். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தட்டிப் பார்ப்பது போல அவ்வப்போது அந்த நினைப்பைத் தட்டிப் பார்ப்பான். ஒன்றும் தெரியாது. நக்கல் மட்டும் பழக்கதோஷத்தில் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா" என்றாள் தாமரைச்செல்வி.

பத்து வருஷம் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, சிம்மக்கல்லில் ஒரு மெடிக்கல் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள் அவள். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த பாண்டிராஜ் அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தது தனிக்கதை.

சின்னத்தாயின் புருஷன் அழகுமலை. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். கோயில் நிலத் தகராறு ஒன்றில் சாட்சி சொன்னதிலிருந்து மிரட்டல் வந்தது. லைசென்ஸ் வாங்கி ரிவால்வர் வைத்துக்கொண்டார். சட்டைக்குள் இந்த உறை இல்லாமல் அவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் கொடிக்கால் மோட்டார் ரூமில் நெற்றிப்பொட்டில் குண்டு பாய்ந்து செத்துக் கிடந்தார். அவருடைய ரிவால்வர் அவருடைய கையிலேயே இருந்தது. உறை உடம்பில் மாட்டியபடி இருந்தது. தற்கொலை என்று போலீஸ் முடித்துவிட்டது.

"அவருக்கு சர்க்கரைங்க. இடது தோள் இறுகிப்போச்சு, கை பின்னால போகாது. ரெண்டு வருஷமா தெனமும் காலையில நான்தான் முதுகுல பக்கிள் மாட்டிவிடுவேன். சாயங்காலம் கழட்டிவிடுவேன். அன்னைக்கு நான் ஊர்லயே இல்லை. கல்லுப்பட்டியில என் தங்கச்சி பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. முந்தின நாளே தம்பியோட போயிட்டேன்."

"முந்தின நாள் நீங்க மாட்டிவிட்டதைக் கழட்டாமலே தூங்கியிருக்கலாமே?"

"போலீசும் இதத்தான் சொன்னாங்க. நான் வாக்கப்பட்ட மனுசனைப் பத்தி எனக்குத் தெரியாதா? அதைக் கழட்டாம அவரால படுக்க முடியாது. எதுவும் முடியலைன்னா தலைவழியா உருவிப் போட்டுருவாரு. மாட்டத்தான் முடியாது."

தாமரைச்செல்வி உறையைத் திருப்பினாள். ஆஸ்பத்திரியில் முன்பக்க வாரைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். முதுகுப் பக்கிள் போட்டது போட்டபடியே இருந்தது. வாரின் நுனி ஆடாமல் இருப்பதற்காக அதை ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"இந்தப் பிளாஸ்திரி நீங்க ஒட்டுனதா?"

"இல்லைங்க. நான் வாரைச் சும்மா உள்ள சொருகிவிடுவேன்."

"துப்பாக்கியை நீங்க தொடுறதுண்டா?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கிட்ட வச்சுக் குங்குமம் வைப்பேன். இடுக்கெல்லாம் போய் அப்பிக்கிருதுன்னு வைவாரு. ஆனா வேண்டாம்னு சொன்னதில்லை."

"உங்களுக்குப் பிள்ளைங்க?"

சின்னத்தாய் துணிப்பையை மடித்தார். "ஒரு மக. மீனா. அவளா ஒருத்தனைப் பார்த்துக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. நாலு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்லை."

"என்ன வேலை பாக்குறாங்க?"

"நர்சு. கொட்டாம்பட்டியில."

தாமரைச்செல்வி பிளாஸ்திரியின் ஓரத்தைப் பாண்டிராஜிடம் காட்டினாள். நுனி ஒரு நெல்மணி அளவுக்கு உள்பக்கமாக மடக்கி ஒட்டப்பட்டிருந்தது. பிறகு உரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை. எந்த வீட்டிலும் இப்படி மடக்கி ஒட்டமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒட்டுவார்கள்.

சின்னத்தாய் அதைக் கவனிக்கவில்லை. எழுந்துகொண்டார். "நான் வக்கீலைப் பாக்க வந்திருக்கேன்னுதான் என் தம்பிகிட்டச் சொல்லியிருக்கேன். அவனுக்கு இதெல்லாம் பிடிக்காது. அப்படியே கண் ஆஸ்பத்திரிக்கும் போகணும்."

அவர் இறங்கிப் போனதும் பாண்டிராஜ் ஜன்னல் வழியாகப் பார்த்தான். தெருவில் நின்ற வெள்ளைக் காரிலிருந்து வாட்டசாட்டமான ஒரு ஆள் இறங்கி, அக்காவுக்குக் கதவைத் திறந்துவிட்டு, அவர் சேலைத்தலைப்பு வெளியே மாட்டிக்கொள்ளாமல் உள்ளே எடுத்து வைத்துக் கதவைச் சாத்தினான்.

"தங்கமான தம்பி" என்றான் பாண்டிராஜ். சொன்ன பிறகு வாய்க்குள் ஏதோ தட்டுப்பட்ட மாதிரி இருந்தது. அதுவும் உடனே போய்விட்டது.

"முதல்ல இதைத் தைச்சவனைப் பார்ப்போம்" என்றாள் தாமரைச்செல்வி. உறையின் உள்பக்கம் சின்னதாக ஒரு முத்திரை இருந்தது. தெற்குவாசல் கடை.

* * *

அழகுபாண்டிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஜீன்ஸ், காதில் ப்ளூடூத். கடைக்குள் பெல்ட்டுகள் திரைச்சீலை போலத் தொங்கின. போலீஸ்காரர்களுக்கு உறை தைப்பான், ஏ.டி.எம். வண்டி காவலாளிகளுக்குத் தைப்பான், இப்போது கல்யாண போட்டோக்காரர்களுக்கும் வாடகைக்கு விடுகிறான். சுவரில் ஒரு படம்: மாப்பிள்ளையும் பெண்ணும் கறுப்புக் கண்ணாடியோடு, தோள் உறையோடு, முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிறார்கள்.

"பின்னாடி தேவைப்படும்னு முன்கூட்டியே பழகிக்கிறாங்க போல" என்றான் பாண்டிராஜ்.

அழகுபாண்டி பெரிதாகச் சிரித்தான். தாமரைச்செல்வி பழைய உறையை எடுத்து வைத்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"அழகுமலை ஐயாவுது. நான் தைச்சதுதான்." தொட்டுப் பார்த்தான். "நல்ல மனுசன். புதுசு ஒண்ணுக்கும் சொல்லியிருந்தாரு. பக்கிளை நெஞ்சுப்பக்கம் வச்சுத் தைக்கச் சொன்னாரு. கை பின்னால போகலை, எம்புட்டு நாளைக்கு வீட்டுக்காரியையே நம்பிக்கிட்டு இருக்கிறதுன்னு சொல்லிச் சிரிச்சாரு."

"அது எங்கே?"

உள்ளே போய் எடுத்து வந்தான். புதுக் கறுப்புத் தோல். பக்கிள் இன்னும் வைக்கவில்லை. பை மட்டும் வடிவம் பிடித்து முடிந்திருந்தது. தோட்டா உருளையின் புடைப்பு, விசையைச் சுற்றியிருக்கும் காப்பின் வளைவு எல்லாம் தோலிலேயே தெரிந்தன. துப்பாக்கி இல்லாமலே துப்பாக்கி இருப்பது போல இருந்தது.

"இந்த வடிவம் எப்படி வருது?"

"தோலைத் தண்ணியில ஊறவச்சு, உள்ள துப்பாக்கியை வச்சு, மொழுமொழுன்னு இருக்கிற எலும்புக் குச்சியால சுத்தி அழுத்தணும் மேடம். அப்படியே ஒரு ராத்திரி காயணும். காலையில உருவுனா அச்சு அசலா நிக்கும். இல்லைன்னா தொளதொளன்னு ஆடும், ஓடும்போது கீழ விழுந்துரும்."

"அப்ப அவரு துப்பாக்கி ஒரு ராத்திரி இங்க இருந்திருக்கணுமே?"

"ஐயையோ!" கையை வேகமாக ஆட்டினான். "லைசென்ஸ் துப்பாக்கியை இன்னொருத்தன் வச்சுக்கிட்டா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. இதுக்குன்னு மரத்துல டம்மி வச்சிருக்கேன்." மேஜைக்கு அடியிலிருந்து வழவழப்பான ஒரு மரத்துப்பாக்கியை எடுத்துக் காட்டினான். "எல்லாம் இதுலதான்."

பாண்டிராஜ் புது உறைக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவினான். "உள்ள வழவழன்னு மாமியார் வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கு" என்றான். விரலை எடுத்தபோது நுனியில் லேசாகச் சிவந்திருந்தது.

"சாயம் அண்ணே, துடைச்சுக்கங்க" என்று அழகுபாண்டி ஒரு துணியை நீட்டினான்.

பாண்டிராஜ் துடைத்துக்கொண்டான். தாமரைச்செல்வி அந்தத் துணியைப் பார்த்தாள், அலமாரியில் வரிசையாக நின்ற சாய டப்பாக்களைப் பார்த்தாள், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

* * *

கொட்டாம்பட்டிக்கு நாலுவழிச் சாலையில் ஆல்டோ போய்க்கொண்டிருந்தது. பாண்டிராஜ் ஓட்டினான். இரண்டு பக்கமும் காய்ந்த வயல், நடுநடுவே தென்னந்தோப்பு. ரிங் ரோடு பிரிகிற இடம் வந்ததும் தாமரைச்செல்வி ஏதோ போன் பேச ஆரம்பித்தாள். அவனுக்காகத்தான் பேசுகிறாள் என்று தெரிந்தது. அவன் பாட்டுக்கு ஓட்டினான். அந்த இடம் வந்தது, போனது. மற்ற சாலை மாதிரியே இருந்தது.

மீனா ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்த்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். கிளினிக்குக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். தாமரைச்செல்வி தான் யாரென்று சொல்லி, உறையை எடுத்து, பிளாஸ்திரியைக் காட்டினாள்.

"ஆமா, நான் ஒட்டுனதுதான்" என்றாள் மீனா. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"எப்போ?"

"அன்னைக்குக் காலையில. நான் டியூட்டிக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தேன். வாசல்ல அப்பா நிக்கிறாரு. நாலு வருஷம் கழிச்சு. சட்டையைக் கழட்டிக் கையில வச்சிருந்தாரு, பனியனோட. இது ஒத்தைத் தோள்ல தொங்குச்சு. 'அம்மா ஊர்ல இல்லை, இதைக் கொஞ்சம் மாட்டிவிடு'ன்னாரு."

"சோழவந்தான்லேர்ந்து இம்புட்டு தூரம் பக்கிள் மாட்டவா வந்தாரு?" என்றான் பாண்டிராஜ். "பக்கத்து வீட்டுல ஆளே இல்லையா?"

மீனா அவனைப் பார்த்தாள். "அதான்" என்றாள்.

பாண்டிராஜ் டிபன் பாக்ஸைப் பார்த்தான்.

"மாட்டிவிட்டேன். வார் நுனி ஆடுச்சு, என் கைப்பையில பிளாஸ்திரி இருந்துச்சு, ஒட்டிவிட்டேன். காப்பி குடிச்சாரு. வீட்டைச் சுத்திப் பாத்தாரு. எங்க வீட்டுக்காரரு வேலைக்குப் போயிட்டாரு, அவரு போட்டோவைக் கொஞ்ச நேரம் பாத்தாரு. 'அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க, நான் உங்கம்மாகிட்டப் பேசிக்கிறேன்'னாரு. போயிட்டாரு. மத்தியானம் செத்துட்டாருன்னு போன் வந்துச்சு."

"இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரு கேட்டா? எழவுக்குப் போனேன். மாமா தெருமுக்குலயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டாரு. காளை மாமா. எங்கம்மாவோட தம்பி." டிபன் பாக்ஸை மூடினாள். "அவருக்குத்தான் என்னைக் கட்டிவைக்கிறதா இருந்துச்சு."

தாமரைச்செல்வி உறையைக் கையால் எடை பார்த்தாள். பிறகு, "மாட்டிவிட்டப்ப உறையைப் பிடிச்சீங்கள்ல? கனமா இருந்துச்சா?" என்றாள்.

மீனா யோசித்தாள். அவள் யோசித்த விதத்தைப் பாண்டிராஜுக்கு நன்றாகத் தெரிந்தது. வேறு யாருக்கோ நடந்ததை எட்ட நின்று பார்க்கிற மாதிரி.

"கனமே இல்லை. லேசா இருந்துச்சு. பை மூடியில பட்டன் போட்டிருந்துச்சு, ஆனா நான் வாரை இழுத்ததும் பை மேல ஏறி வந்துருச்சு. 'என்னப்பா, காலிப் பையா?'ன்னு கேட்டேன். 'சட்டைக்குள்ள இருக்கிறது எவனுக்குத் தெரியப்போகுது'ன்னு சிரிச்சாரு."

தாமரைச்செல்வி எழுந்துவிட்டாள்.

"அக்கா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று மீனா கேட்டாள். அப்போதும் குரல் அப்படியேதான் இருந்தது.

"உங்கப்பா தானா சுட்டுக்கிடலைன்னு அர்த்தம். காலையில அவர்கிட்ட துப்பாக்கியே இல்லை."

மீனா தலையை ஆட்டினாள். நோயாளி காய்ச்சல் எவ்வளவு என்று சொன்னால் ஆட்டுவது மாதிரி.

* * *

கார் மறுபடி தெற்குவாசலை நோக்கி ஓடியது.

"துப்பாக்கி அவர்கிட்ட இல்லை. வீட்டுல பூட்டி வச்சிருந்தா?" என்றான் பாண்டிராஜ்.

"பூட்டி வச்சிட்டுக் காலி உறையை ஏன் மாட்டணும்? துப்பாக்கி வீட்டுல இல்லாததாலதான் அது இருக்கிற மாதிரி காட்டிக்கிட்டாரு. மிரட்டல் இருக்கிற ஆளு." அவள் அவன் வலது கையைக் காட்டினாள். "அந்த விரல்ல என்ன ஒட்டுச்சு?"

"சாயம்."

"அவன் அலமாரியில கறுப்பும் பிரவுனும் தவிர வேற டப்பா இருந்துச்சா? கறுப்புத் தோலுக்குச் சிவப்புச் சாயம் எதுக்கு?"

பாண்டிராஜ் விரலை மூக்கருகே கொண்டு போனான். துடைத்த பிறகும் நக இடுக்கில் கொஞ்சம் இருந்தது. "குங்குமம்" என்றான். "அந்தம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வச்சது. இடுக்குல அப்பியிருந்தது ஈரத்தோல்ல இறங்கிருச்சு."

"மரத்துப்பாக்கிக்கு எவனும் குங்குமம் வைக்கிறதில்லை."

"நான் வைப்பேன். என் ஆபீஸ் ஸ்கேனருக்கே வச்சிருக்கேன்" என்றான் பாண்டிராஜ்.

அழகுபாண்டி அவர்களைப் பார்த்ததும் ப்ளூடூத்தைக் காதிலிருந்து எடுத்தான். தாமரைச்செல்வி எதுவும் கேட்கவில்லை. தன் கைக்குட்டையை நனைத்து, புது உறைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, மேஜை மேல் விரித்து வைத்தாள். சிவப்பு.

அழகுபாண்டி அதைப் பார்த்தான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"முந்தின நாள் மத்தியானம் குடுத்துட்டுப் போனாரு மேடம். டம்மியில வச்சா அந்தப் பழைய மாடல் ரிவால்வருக்குச் சரியா உக்காராது. நான்தான் அசல் வேணும்னேன். ஒரு ராத்திரிதானேன்னு நினைச்சேன். குண்டையெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டுத்தான் குடுத்தாரு."

"திரும்ப யார் வாங்கினா?"

"அவரு மச்சினன். காளை அண்ணே. மறுநாள் காலையில கடை திறக்கிறப்பவே வந்து, ஐயா வாங்கிட்டு வரச் சொன்னாருன்னாரு. நான் குடுக்கமாட்டேன்னுதான் சொன்னேன். அவரே ஐயாவுக்குப் போன் போட்டுக் குடுத்தாரு. 'காளைகிட்ட குடுத்துவிடு, நான் மகளைப் பாக்கப் போறேன்'னு ஐயா சொன்னாரு. சந்தோசமாப் பேசுனாரு மேடம்." கண்ணைத் துடைத்தான். "சாயங்காலம் செய்தி வந்தப்ப, இவரு கொண்டு போய்க் குடுத்திருப்பாரு, அவரு சுட்டுக்கிட்டாருன்னுதான் நினைச்சேன். வெளியே சொன்னா என்னைத்தான் முதல்ல பிடிப்பாங்க."

"ஸ்டேஷன்ல விசாரிச்சேன். காளை போலீஸ்ல என்ன சொல்லியிருக்காரு தெரியுமா? அன்னைக்கு முழுக்கக் கல்லுப்பட்டியில காதுகுத்து வீட்டுல இருந்தேன்னு."

தாமரைச்செல்வி தெருவுக்கு வந்து, பழைய ஸ்டேஷன் நண்பர் ஒருவருக்குப் போன் செய்து சுருக்கமாக விஷயத்தைச் சொன்னாள். பிறகு சின்னத்தாயைக் கூப்பிட்டாள். பாண்டிராஜ் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டான்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"வண்டியிலங்க. சமயநல்லூர் தாண்டிட்டோம். தம்பி ஓட்டுறான்."

"ஸ்பீக்கர்ல இருக்கா?"

"இல்லைங்க, காதுலதான்."

"ஆமா, இல்லைன்னு மட்டும் சொன்னா போதும். காதுகுத்து அன்னைக்கு உங்க தம்பி முழு நாளும் கூடவே இருந்தாரா?"

"ஆமா. கூடத்தானே..." சின்னத்தாய் நிறுத்தினார். கார் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. "ஐஸ்கிரீம் வாங்க மதுரைக்குப் போனான்" என்றார் மெதுவாக. "பந்தி முடியிற நேரத்துக்குத்தான் வந்தான். பெட்டியைத் திறந்தா எல்லாம் கரைஞ்சு தண்ணியாக் கெடந்துச்சு. பிள்ளைக அழுதுச்சுக."

மதுரையிலிருந்து கல்லுப்பட்டிக்கு ஐஸ்கிரீம் கரைகிற தூரம் இல்லை. சோழவந்தானுக்குப் போய்விட்டு வந்தால் கரையும்.

"அம்மா?"

போனுக்குள் சின்னத்தாயின் குரல் கேட்டது, ஆனால் இவர்களிடம் பேசவில்லை. "வண்டியை அந்தக் கடையோரம் நிப்பாட்டு. தலையை வலிக்குது. ஒரு டீ குடிக்கணும்."

* * *

அரைமணி நேரம். பாண்டிராஜ் ஓட்டிய வேகத்துக்கு தாமரைச்செல்வி இரண்டு முறை டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தம்மாவைக் காளை என்ன செய்திருப்பானோ என்று யோசித்தபோதும் பாண்டிராஜுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. கை மட்டும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது.

டீக்கடை வாசலில் வெள்ளைக் கார் நின்றது. வெளியே போட்டிருந்த பெஞ்சில் சின்னத்தாயும் காளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இரண்டு கண்ணாடி கிளாஸ். ஒன்றில் டீ அப்படியே ஆடை படிந்து கிடந்தது. கார் சாவி இரண்டு பேருக்கும் நடுவில் பெஞ்சின் மேல் இருந்தது.

காளை ஓடவில்லை. தாமரைச்செல்வியைப் பார்த்ததும் யாரென்று கேட்கவும் இல்லை.

"அக்கா கேட்டுச்சு. சொல்லிட்டேன்" என்றான்.

"என்ன சொன்னீங்க?"

"அந்த வீட்டுலயே கெடந்தேன்ங்க. அவ வேண்டாம்னு போன பிறகும். ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும் என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சான். மச்சான் மட்டும் எனக்காக அவ பேரைச் சொல்லாம இருந்தாரு. அதுல ஒரு மரியாதை இருந்துச்சு. அன்னைக்குப் போன்ல சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, மகளைப் பாக்கப் போறேன், அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லப்போறேன்னு. எங்கிட்டயே. துப்பாக்கியையும் எங்கிட்டயே வாங்கிட்டு வரச் சொல்றாரு." கிளாஸை எடுத்தான், வைத்தான். "மோட்டார் ரூம்ல குண்டு போட்டுக் குடுக்கச் சொன்னாரு. போட்டேன். சட்டை பட்டனைக் கழட்டி உறையைக் காட்டி, 'பாத்தியா, மீனா மாட்டிவிட்டா'ன்னாரு."

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை.

சின்னத்தாய் எதிரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஒன்று போனது. அவர் முகத்தில் ஒன்றுமில்லை. அழுகையோ, ஆத்திரமோ, சாபமோ எதுவும் அந்த முகத்துக்கு வந்து சேரவில்லை. எப்போது வரும் என்றும் தெரியாது. பாண்டிராஜ் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தினமும் காலையில் பல் விளக்கும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம்தான்.

ஜீப் வந்தது. காளை எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான், பிறகு என்ன நினைத்தானோ, இறக்கிவிட்டுக்கொண்டான். "அக்கா, வாரேன்" என்றான். எங்கேயோ பக்கத்து ஊருக்குப் போய்விட்டு வருகிற மாதிரி. சின்னத்தாய் திரும்பவில்லை. ஜீப் கிளம்பித் தூசி அடங்கும்வரைக்கும் திரும்பவில்லை.

பிறகு பெஞ்சிலிருந்த சாவியை எடுத்துப் பாண்டிராஜிடம் நீட்டினார்.

"கொட்டாம்பட்டிக்குப் போகணும். ஓட்டுவீங்களா?"

பாண்டிராஜ் தாமரைச்செல்வியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். ஏதாவது சொல்லலாமென்று அவன் வாயைத் திறந்தான். எப்போதும் தயாராக நிற்கிற நக்கல் ஒன்றுகூட வரவில்லை. சாவியை வாங்கிக்கொண்டான்.

டிரைவர் சீட் காளையின் காலுக்கு ஏற்றபடி வெகுதூரம் பின்னால் தள்ளியிருந்தது. அதை முன்னுக்கு இழுத்தான். கண்ணாடியைத் திருப்பிச் சரி செய்தான். சின்னத்தாய் பின்சீட்டில் ஏறினார். அவர் சேலைத்தலைப்பு கதவுக்கு வெளியே தொங்கியது. பாண்டிராஜ் இறங்கிப் போய் அதை உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"போலாமாம்மா?"

"போலாம் த..." என்றார் சின்னத்தாய். அங்கேயே நின்றுவிட்டது. அந்தச் சொல்லை அவரால் முடிக்க முடியவில்லை. உதடு மட்டும் இரண்டு முறை அசைந்தது.

பாண்டிராஜின் வீட்டிலும் ஒரு மாதமாக யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

"என் பேரு பாண்டிராஜ்மா" என்றான்.

"போலாம் பாண்டிராஜு" என்றார் அவர்.

அவன் வண்டியை எடுத்தான்.